சுபைறா தேய்த்த சிங்க்

சூறாவளிக்கு அடுத்த வருச நோன்பில் நான் இத்தாவில் இருந்தேன். கணவர் மௌத்தாகி அடக்கி அதிக நாள் ஆகவில்லை. இத்தா முடியும் மட்டும் முற்றத்தைத் தாண்ட முடியாது. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஓடும். எனக்கு அனுப்பப் பிள்ளை இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்க வெட்கமாக இருந்தது. முதல் சில நாட்கள் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தேன். பிறகு ஒரு நாள் பின்வேலிக் கம்பில் ஒரு தூக்குச்சட்டி தொங்கியது. மூடியைத் தொட்டால் சூடு. மறுநாளும் தொங்கியது. கழுவித் திரும்ப அதே கம்பில் மாட்டி வைத்தால் விடியற்கால ஸுபஹுத் தொழுகைக்குள் எடுபட்டுவிடும். நோன்பு முடியும் மட்டும் இப்படியே நடந்தது. ஒரு விடியலில் வேலி ஓலை இடுக்கால் சட்டியைக் கழற்றும் கையைக் கண்டேன். பின்வீட்டுச் சுபைறாவின் கை. பெருநாள் கழிந்து நான் அந்தக் கதையை எடுத்தபோது, “ஒங்கட ஆடு குட்டி போட்டதா ராத்தா?” என்று கேட்டாள். அதற்கு மேல் நானும் விட்டுவிட்டேன்.

சுபைறா என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள்; என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள். கல்முனையில் சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவர் மஜீட் தேங்காய் வாங்கி விற்கிறவர். தோட்டம் தோட்டமாகப் போய் மரத்தோடு விலை பேசி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். சூறாவளி வந்து ஒரே இரவில் தென்னைகளை எல்லாம் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. விழுந்த மரத்தில் இருந்த காய் முடிந்ததும் மஜீட்டுடைய தொழிலும் முடிந்தது. அந்த மழையில் நனைந்து கிடந்ததில் அவருக்குத் தொய்வு வருத்தமும் பிடித்துக்கொண்டது. நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, நபீலா. பெண்பிள்ளை. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். மஜீட்டின் வளவில் அப்போது இருந்தது கூரை போன ஒரு கொட்டில்.

எண்பதாம் ஆண்டு சுபைறா குவைத்துக்குப் போனாள். அரபி ஒருவரின் வீட்டில் பெண்களுக்குச் சட்டை தைக்கிற வேலை என்று சொன்னார்கள். அப்போதெல்லாம் எங்கள் பகுதியில் வெளிநாட்டுக்குப் போன பெண்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. போனவர்களைப் பற்றிய பேச்சு நல்லதாக இருக்காது. ‘அடுத்தவன்ட கோப்பை கழுவப் போனவள்’ என்பார்கள். அந்தப் பேச்சு அவளோடு நிற்காமல் அவள் பெற்ற பிள்ளையின் கலியாணப் பேச்சு வரை போகும். தையல் என்றால் அது வேறு. தையல் ஒரு மரியாதையான தொழில்.

நாலு வருசம் கழித்து வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள், கதைப்பது குறைந்திருந்தது. ஒரு தையல் கைமெசினும் கொண்டுவந்தாள். சும்மா விடுவார்களா? ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் தைத்த சட்டைகள் கக்கத்தில் இறுக்கும். எனக்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டு தொழுகையில் கையைத் தூக்கித் தக்பீர் கட்டினால் தையல் விடும்.

“குவைத்துப் பொம்புளையள் கையத் தூக்கிறல்லயா புள்ள?” என்று நான் ஒரு முறை கேட்டேன்.

“அவங்க மெலிஞ்ச ஆக்கள் ராத்தா,” என்றாள் தலையைத் தூக்காமல்.

அதே வருசம்தான் எங்கள் ஒழுங்கையின் முகப்பில் இருக்கிற ஆமினா உம்மா மகள் நதீராவுக்குக் கல்வீடு கட்டி முடித்தா. மாப்பிள்ளை நிந்தவூர்க்காரர். மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா நல்ல நெற்காணிக்காரி, வாய் குறைவு, கண் கூர்மை. அவவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவருக்கு நதீராவை முடிவு செய்தாயிற்று. இளையவருக்கு நம்முடைய நபீலாவைக் கேட்டு ஆள் விட்டிருந்தா. முடிவாக ஒன்றும் இல்லை. ‘மூத்தவன்ட கலியாணம் முடியட்டும், மறுகா கதைப்பம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தா. அதை நினைத்து மஜீட்டுக்கு மூச்சு வாங்குவதுகூடக் குறைந்திருந்தது.

நதீராவின் அண்ணனுக்குக் கொழும்பில் வேலை. தங்கை சமைக்கப் போகிற குசினிக்கென்று எவர்சில்வர் சிங்க் ஒன்று அனுப்பியிருந்தான். எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. நாங்கள் எல்லாரும் கிணற்றடியில் குந்திக்கொண்டு சட்டி கழுவுகிற ஆட்கள். அது குசினி மேடையில் கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்தால் நம்முடைய முகம் மங்கலாகத் தெரியும். பின்சுவருக்கு மேலே ஒரு பீப்பாவை ஏற்றி வைத்து, அதில் தண்ணீர் நிரப்பி, அங்கிருந்து குழாய் எடுத்துக் கொடுத்தார் பளீல் மேசன். சுவர் பூசும்போது அவர் அந்த சிங்க்கிலும் கொஞ்சம் சீமெந்தைத் தெறிக்க விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை ஆயிஷா உம்மா வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தா. செவ்வாய்க்கிழமை காலை ஆமினா உம்மா வெற்றிலை வட்டா, படிக்கம், செம்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் துலக்கினா. கடல் மணல், சாம்பல், பழப்புளி, பிடி தேங்காய்த் தும்பு. எங்கள் ஊரில் பித்தளையை அப்படித்தான் பொன் மாதிரி ஆக்குவோம். வட்டா மின்னியதும் அவவுக்குக் கை நிற்கவில்லை. மிச்ச மணலை அள்ளிக்கொண்டு குசினிக்குள் போய் சிங்க்கையும் துலக்கிவிட்டா. சீமெந்து போய்விட்டது. சிங்க்கின் மினுக்கமும் கூடவே போய்விட்டது.

நான் சத்தம் கேட்டுப் போனபோது ஆமினா உம்மா குசினித் தரையில் இருந்து அழுதுகொண்டிருந்தா. சிங்க் முழுவதும் வட்டம் வட்டமாகக் கீறல். வெயில் பட்டால் அத்தனையும் வெள்ளை வெள்ளையாக எழும்பி நின்றது.

பளீல் மேசன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “என்ன ஆமினாத்தா, சிங்க்குக்குள்ள பூனைய அடைச்சு வெச்சீங்களா?”

“உன்ட சீமெந்தக் கழுவப் போய்த்தான்டா இந்தக் கோலம்.”

“அழாதீங்க. வெள்ளிப் பெயின்ற் சின்ன டின் ஒண்டு வாங்கித் தாங்க. பூசி உட்டா ஆருக்கும் தெரியா.”

“மாப்பிள்ள சோத்தோட பெயின்றயும் திங்கட்டும் எண்டு சொல்றியா?”

“கொஞ்சம்தானே,” என்றார் பளீல். ஆமினா உம்மா தும்பை எடுத்து அவர்மேல் எறிந்தா.

அந்த நேரம் சுபைறா நதீராவின் கலியாணச் சட்டையை அளவு பார்க்கக் கொண்டுவந்தாள். சட்டையை நதீராவிடம் கொடுத்துவிட்டு சிங்க்குக்குக் கிட்டப் போனாள். ஒரு விரலை அதற்குள் வைத்து நீளப்பாட்டுக்கு இழுத்தாள். பிறகு குறுக்குப்பாட்டுக்கு இழுத்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் விரலைத் துடைத்துக்கொண்டு, “நான் வாறன்,” என்று போய்விட்டாள்.

அஸர் தொழுதுவிட்டு நான் முஸல்லாவை மடிக்கிறேன், பின்வேலியால் வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“ராத்தா, தெரிஞ்ச ஒண்டத் தெரியாது எண்டு பேசாம இருந்தா அதும் பொய்தானா?”

“எந்த விசயத்துல எண்டு பாக்கோணும் புள்ள.”

“அந்த சிங்க்க என்னால சரியாக்க ஏலும்.”

“அப்ப செய்யன். ஆமினா மச்சி அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கிப் போய் இரிக்கா.”

“எங்க படிச்ச எண்டு கேப்பாங்க ராத்தா.” தன்னுடைய இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தாள். “நான் அங்க தைக்கல்ல. நாலு வருசமும் குசினிதான். ஊசியக் கண்டது வாறத்துக்கு முந்தின மாசம், மெசின் வாங்கின கடையில.”

அப்போதுதான் எனக்குக் கக்கத்து இறுக்கத்தின் காரணம் விளங்கியது. ஆனால் சிரிக்கிற நேரம் அது இல்லை.

போன முதல் கிழமையே அவளும் அதே வேலையைச் செய்திருக்கிறாள். அரபி வீட்டுப் பெண் உறங்கப் போன நேரம், மினுக்கிக் காட்டுவோம் என்று, வாசல் மணலை அள்ளி சிங்க்கைத் துலக்கிவிட்டாள். பார்த்தால் முழுக்கக் கீறல். எஜமானி கண்டுவிடாமல் உள்ளே சட்டிகளை அடுக்கி வைத்தாளாம். எஜமானி உறங்கும் பகல் நேரங்களில் ஒவ்வொரு நாளும் ஒரு மூலையில் ஒவ்வொன்றாக முயன்று பார்த்திருக்கிறாள். சோடாத்தூள், பல்தூள், சாம்பல், அந்த வீட்டுப் பையன் விளையாட்டுப் படகு செய்ய, மரம் தேய்க்க வைத்திருந்த மினுக்குத் தாள். அப்படித்தான் ஒரு நாள், அந்தத் தகட்டிலேயே மெல்லிய கோடுகள் ஒரே பக்கமாகப் போவதைக் கண்டுபிடித்தாள். அந்தக் கோட்டோடு தேய்த்தபோதுதான் கீறல் மறைந்தது.

“ஆயிஷா உம்மாட காதுக்குப் போனா நபீலாட கத முடிஞ்சிது,” என்றாள்.

“அல்லாஹ்வுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும். ஊருக்குச் சொல்லித்தான் ஆகோணும் எண்டு ஒனக்குக் கடமை இல்ல புள்ள,” என்றேன்.

“அது இல்ல ராத்தா. அவ அங்க இருந்து அழுறா. நான் இஞ்ச வந்து தொழுதன். தொழுகையில ஓதினது ஒண்டும் நினைவில்ல, சிங்க்தான் முன்னுக்கு நிக்கிது.”

மறுநாள் புதன்கிழமை விடிந்ததும் அவள் ஆமினா உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். வெளிக்கதவைச் சாத்தச் சொன்னாள். பளீல் மேசனைப் பஸாருக்கு அனுப்பி, கனகரெத்தினத்தின் சைக்கிள் கடையில் கறுப்புத் தண்ணித்தாள் இரண்டு வகை, கொஞ்சம் கரடானதும் மிகவும் நைசானதும், வாங்கி வரச் சொன்னாள். சைக்கிளுக்குப் பெயின்ற் அடிக்குமுன் நனைத்துத் தேய்க்கிற தாள் அது.

பளீல் திரும்பி வந்து, “கனகரெத்தினம் அண்ணன் கேக்கிறார், ஆமினாத்தா மாப்பிள்ளைக்குப் பழைய சைக்கிளயா மினுக்கிக் குடுக்கப் போறா எண்டு,” என்றார். தாளை வாங்கிக்கொண்டு அவரையும் வெளியே போட்டுக் கதவைச் சாத்தினோம்.

முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு மணல் பருக்கைகூட இல்லாமல் சிங்க்கைக் கழுவினாள். “ஒரு மணல் கிடந்தாலும் அதுவே திரும்பக் கீறும்,” என்றாள். ஆமினா உம்மாவைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையைச் சரித்துப் பார்க்கச் சொன்னாள். நானும் பார்த்தேன். வட்டக் கீறல்களுக்கு அடியில், நீளப்பாட்டுக்கு, நெற்றிமயிர் வாரின மாதிரி மெல்லிய கோடுகள் போயின.

“இதுதான் இதுட போக்கு. நாம இதோட போகோணும். வட்டமாத் தேய்ச்சா எத்தின நாள் தேய்ச்சாலும் கீறல்தான் கூடும்.”

கரடான தாளை நனைத்து ஒரு சின்னப் பலகைத் துண்டில் சுற்றினாள். அந்தத் தலையிலிருந்து இந்தத் தலை வரைக்கும் ஒரே இழுப்பு. திரும்ப எடுத்து வைத்து அதே பக்கம் ஒரே இழுப்பு. அழுத்தாமல், மெதுவாக. இடையிடையே தண்ணீர் விட்டுக் கழுவினாள். மூலைகளில் பலகையை எடுத்துவிட்டுத் தாளை விரலில் சுற்றிக்கொண்டாள். கீறல் மங்கி வந்த பிறகு நைசான தாள், அதே மாதிரி. அதற்குப் பிறகு சாம்பலை மெல்லிய சீலையில் இரண்டு தரம் அரித்து, வந்த மாவைத் தண்ணீரில் குழைத்து, துணியில் தொட்டு, அதே கோட்டுப் பக்கமாகத் தேய்த்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, தாவணித் தலைப்பைப் பின்னால் முடிந்திருந்தாள். தையல் மெசினுக்கு முன்னால் அவளை நான் எத்தனையோ நாள் கண்டிருக்கிறேன். அங்கே அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு இருப்பாள். இங்கே அவள் நின்ற நிலை வேறு.

பாதி சிங்க் பழையபடி தெளிந்து வந்திருந்தது. அப்போது பின்கதவால் யாரோ ஸலாம் சொன்னார்கள். முன்கதவைத்தான் நாங்கள் சாத்தியிருந்தோம். ஆயிஷா உம்மா உள்ளே வந்து நின்றா.

“நாளைக்கு வயல்ல சூடடிக்கிற வேல வந்திட்டு. அதான் இண்டைக்கே பஸ்ஸேறி வந்திட்டன்,” என்று சொல்லிக்கொண்டே கண்ணை சிங்க்கில் வைத்தா. தெளிந்த பாதி, கீறின பாதி, தாள், சாம்பல், சுபைறாவின் முழங்கை, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டா.

ஆமினா உம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. “இது… நான்தான் மணலால கழுவிப்போட்டன் மச்சி. இவ சும்மா ஒத்தாசைக்கு வந்தவ. நம்மட தையல்காரி. நபீலாட உம்மா.”

“தெரியும்,” என்றா ஆயிஷா உம்மா. கிட்ட வந்து தெளிந்த பாதியைத் தடவிப் பார்த்தா. “தையல்காரிக்கு இந்த வேல எங்கால வந்த?”

அந்தக் கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டா. ‘சைக்கிள் கடையில கண்டு படிச்சன்’, ‘ஆரோ சொல்லித் தந்தாங்க’ என்று எதையாவது சொல்லியிருந்தால் அவ்வளவோடு போயிருக்கும். நானே ஒரு பதிலைச் சொல்லிவிடுவோமா என்று வாயைத் திறந்தேன். சுபைறா கையில் இருந்த இழுப்பைக் கடைசி மட்டும் கொண்டுபோய் முடித்துவிட்டுத் துணியை வைத்தாள்.

“குவைத்துல மாமி. நான் அங்க தைக்கல்ல. குசினிலதான் நிண்ட.”

“நாலு வருசமுமா?”

“ஓம் மாமி. நாலு வருசமும்.”

“மகளுக்குத் தெரியுமா?”

“தெரியா. இது முடிஞ்சதும் போய்ச் சொல்லப் போறன்.”

குழாயில் தண்ணீர் சொட்டியது. ஆயிஷா உம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தா. பிறகு, “மிச்சத்தயும் முடி மகள், தண்ணி வீணாகிது,” என்று சொல்லிவிட்டு மண்டபத்தைப் பார்க்கப் போய்விட்டா. சுபைறா மிச்சப் பாதியையும் முடித்தாள். கழுவி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் துடைத்து, இரண்டு துளி தேங்காயெண்ணெயைத் துணியில் விட்டு, கோட்டுப் பக்கமாகப் பூசி எடுத்தாள். நடுவில் ஒரு ஆழமான கீறல் மட்டும் போகவில்லை. “இது கிடக்கட்டும். இதையும் எடுக்க வெளிக்கிட்டாத் தகடு குழிஞ்சி போகும்,” என்றாள்.

வீட்டுக்குப் போய் நபீலாவிடம் சொன்னாள். நபீலா இரண்டு நாள் தாயோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, “ஆராச்சும் அடிச்சாங்களாம்மா அங்க?” என்று மட்டும் கேட்டாளாம். சுபைறா இல்லை என்று சொன்னாள். அதுவும் உண்மைதான் என்று என்னிடம் சொன்னாள்.

நதீராவின் கலியாணம் நல்லபடி நடந்தது. ஆயிஷா உம்மா எங்கள் எல்லாரோடும் சிரித்துத்தான் கதைத்தா. ஆனால் நபீலாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. இளைய மகனுக்கு அட்டாளைச்சேனையில் பெண் எடுத்தா. யாரும் எங்களுக்குக் காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒழுங்கையில் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. கிணற்றடியில் ஒருத்தி வாளியை இறக்கிக்கொண்டே, ‘கோப்பை கழுவினவள்’ என்று சுபைறாவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள். “ஓம் மச்சி. அங்க ஒரு நாளைக்கு அறுபது எழுபது கோப்பை வரும்,” என்றாள் சுபைறா.

மஜீட்தான் மிகவும் உடைந்துபோனார். “பேசாம இருந்திரிக்கலாமே புள்ள,” என்று ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டார்.

“பேசாம இருந்து கட்டிக் குடுத்தா, எண்டைக்குத் தெரியும் எண்டைக்குத் தெரியும் எண்டு நபீலா வாழ்ற மட்டும் நான் பயந்துக்கிட்டு இரிக்கோணும்,” என்றாள். “எனக்கு அங்க பயந்ததே போதும் காணும்.”

தையல் மெசினை விற்றுவிட்டாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் ஒழுங்கைப் பெண்கள் பாதிப் பேருக்கு அது பெரிய ஆறுதல். இரண்டு மூன்று வருசத்தில் இன்னும் சில வீடுகளில் சிங்க் வந்தது. எல்லாரும் கீறிவிட்டு அவளிடம்தான் வருவார்கள். அவள் போய்ச் செய்து கொடுப்பாள். பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களின் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்துக் காட்டுவாள்.

எண்பத்தாறில் சாய்ந்தமருதிலிருந்து நபீலாவுக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை கடலில் வலை வைத்திருக்கிற குடும்பம். பெண் பார்க்க வந்தவர்கள் பாயில் இருந்ததும், தேத்தண்ணி வைக்கும் முன்பே, சுபைறா வந்து நின்றாள். “நான் நாலு வருசம் குவைத்துல குசினி வேல செஞ்சவள். ஒங்களுக்கு அது சரியில்ல எண்டா இப்பவே சொல்லுங்க, தேத்தண்ணியக் குடிச்சிட்டு மனஸ்தாபம் இல்லாமப் போகலாம்,” என்றாள். மாப்பிள்ளையின் வாப்பா, “அதத் தெரிஞ்சுதான் வந்த நாங்க. தேத்தண்ணியக் கொண்டு வாங்க,” என்றார். அல்ஹம்துலில்லாஹ், அப்படி முடிந்தது அந்தக் கலியாணம்.

கலியாணம் முடிந்தும், குவைத்துக் காசில் நபீலாவுக்குக் கட்டத் தொடங்கிய வீடு கூரை மட்டத்தில் நின்றது. மஜீட்டுக்கு மருந்தும் வேண்டியிருந்தது. அதனால் எண்பத்தேழில் சுபைறா திரும்பவும் குவைத்துக்குப் போனாள். போய் இரண்டாம் வருசம் அங்கேயே காய்ச்சல் கண்டு மௌத்தானாள். அங்கேதான் அடக்கினார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவள் அனுப்பினதில் நபீலாவின் வீட்டுக்கு ஓடு ஏறியது. அல்லாஹ் அவளுடைய கப்றை விசாலமாக்கி வைக்கட்டும்.

அவள் அப்படித் திரும்பக் குவைத்துக்கு வெளிக்கிட்ட அன்று கல்முனைப் பஸ் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். மஜீட்டால் நடக்க முடியாது. நபீலா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கொழும்பு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் வந்து, “எங்க புள்ள பயணம்?” என்று கேட்டார்கள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். “வெளிநாட்டுக்கு,” என்று மட்டும் நான் சொன்னேன்.

அவர்கள் போனதும் சுபைறா ஜன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

“ஆராவது கேட்டா இனி முழுசாச் சொல்லுங்க ராத்தா,” என்றாள். “சுபைறா குசினி வேலைக்குத்தான் போயிரிக்கா எண்டு சொல்லுங்க.”